முன்னால் வந்து நிற்காத வாசனை

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் பனி. மாடித் தொட்டித் தண்ணீர் கையை வெட்டியது. அதிலேயே ஷேவிங். பெண் பார்க்கப் போகிற நாளில்கூட வெந்நீர் வைக்கத் தோன்றவில்லை. அவசரம். கீழிருந்து மேலாக இழுத்தேன், திரும்பவும் இழுத்தேன். கழுத்தில் அங்கங்கே ரத்தப் பொட்டு. பச்சைப் பாட்டில் ஆஃப்டர் ஷேவ் உள்ளங்கை நிறைய. கண்ணில் தண்ணீர் வருகிற எரிச்சல். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று மீசை முளைத்த நாளிலிருந்து நினைப்பு. காய்ந்த பிறகு வாசனை போதாதது போல் இருந்தது. இன்னொரு கை. சட்டைக் காலரிலும் கொஞ்சம்.

அத்தானின் லோடு வண்டியில் அக்கா, அத்தான், நான். சிவகாசியிலிருந்து விருதுநகர் வரை அத்தான் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றவே இல்லை. அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். பனிக்கு என்று நினைத்தேன்.

பெண்ணின் பெயர் சண்முகவடிவு. அம்மா ‘வடிவு’ என்று கூப்பிட்டார். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். சூலக்கரையில் இ-சேவை மையத்தில் வேலை. முப்பத்தைந்து வயது. எனக்கு முப்பத்தொன்பது. இரண்டு பக்கமும் வயதைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றிப் பேசினோம்.

வடிவு காபித் தட்டோடு வந்தார். மஞ்சள் சேலை. அக்காவுக்கு, அத்தானுக்கு, அப்புறம் எனக்கு. என் முன்னால் குனிந்தார். நான் டம்ளரை எடுத்தேன், நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் அப்படியே மாறியது. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். வெளியே வரவே இல்லை. உள்ளே இருமல் சத்தம்.

அவர் அம்மா: “பிள்ளைக்கு லேசாச் சளி. நீங்க காபியக் குடிங்க, ஆறிரும்.”

திரும்பும்போது வண்டியின் பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். கழுத்து முழுக்கச் சிவந்து, பொரிப் பொரியாக. தாடை ஓரத்தில் ஒன்று பழுத்தே இருந்தது. யார்தான் எழுந்து போகமாட்டார்கள்.

காபி நல்ல காபி.


பிப்ரவரி 4, செவ்வாய்

பனி விட்டு வெயில். பிரஸ்ஸில் புஸ்வாணம் லேபிள். சிவப்பு இங்க் ஏறிக்கொண்டே போகிறது, இரண்டு தடவை மெஷினை நிறுத்தி ரோலரைத் துடைத்தாயிற்று. தின்னர் வாடையில் புது ஆள் தலைவலி என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வாடை எனக்குத் தெரிந்து எத்தனை வருடம் ஆயிற்று.

தரகர் போன் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் தெரியும். காரியாபட்டிப் பெண் வீட்டிலும் இப்படித்தான். கடைசியில், “மாப்பிள்ளைக்கு மூஞ்சியில ஏதோ வியாதி போல” என்றார்களாம்.

வாங்க வேண்டியது: ரோலர் துணி, அக்காவுக்கு இருமல் டானிக், செருப்பு வார்.

அந்த மஞ்சள் சேலையை மறக்க வேண்டும்.


பிப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு நேரம். புது நம்பர். ஆர்டர் கேட்கிற கம்பெனி என்று எடுத்தேன்.

“நான் வடிவு பேசுறேன். விருதுநகர். தரகர்ட்ட நம்பர் வாங்குனேன்.”

சோற்றுக் கையோடு எழுந்து பண்டல் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போனேன்.

“அன்னைக்கு நான் எந்திரிச்சு உள்ள போனதத் தப்பா நினைச்சுட்டீகளா?”

இல்லை என்றேன். ஆமாம் என்று குரலிலேயே தெரிந்திருக்கும்.

“எனக்குச் சின்னதுலருந்தே வீசிங் உண்டு. நெடி அடிச்சா மூச்சு இழுக்கும். அன்னைக்கு நீங்க போட்டுட்டு வந்த செண்ட்டு… ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே வரல. உள்ள போய் மருந்து எடுத்தேன். அம்மா சளின்னு சொல்லிட்டாக.”

“செண்ட் இல்ல. ஷேவிங் பண்ணிட்டுப் போடுற ஆஃப்டர் ஷேவ்.” இதைப் போய் திருத்தினேன். என்ன புத்தியோ.

“எதுவோ. தெரு முக்குல நீங்க இறங்கும்போதே வந்துருச்சு” என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று. அப்புறம் குரல் இறங்கியது. “வீசிங்னு தெரிஞ்சா யாரும் கட்ட மாட்டாக, மூடியே வைன்னு அம்மா சொல்லுறாக. மூடி வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு மூச்சு விட முடியும்? அதான் நானே சொல்லிட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. கோவிச்சுக்க மாட்டேன்.”

நான் கேட்டது: “அப்ப என் மூஞ்சியப் பாத்து எந்திரிச்சுப் போகலையா?”

“மூஞ்சியப் பாக்கவே இல்லையே. அதுக்குள்ளதான் மூச்சு இழுத்துருச்சே.”

போனை வைத்த பிறகு சாப்பாடு ஆறிப் போயிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன். ஊறுகாய் டப்பாவையும் வழித்து.


பிப்ரவரி 7, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? வீசிங் உள்ள பிள்ளையச் சிவகாசிக்குக் கூட்டியாந்து என்ன பண்ணப் போற? தீவாளி வந்தா ஊரே புகை. நீ வேற தின்னர்ல முக்கி எடுத்த மாதிரி வாற.”

“அது யோசிக்கணும்தான்.”

“யோசிக்க என்ன இருக்கு? பின்னாடி ஆஸ்பத்திரியும் வீடுமா அலையவா?”

அத்தான் கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: “சீசன்ல ஒனக்குந்தான் விடிய விடிய இருமல். நான் ஒன்னைய விட்டுட்டா போயிட்டேன்?”

அக்கா குழாயை மூடினாள். திரும்பவும் திறந்து, கழுவின கையையே கழுவினாள்.

இரவு சாப்பாடு போடும்போது: “அந்தப் பிள்ளை தானே போன் பண்ணிச் சொல்லுச்சா?”

“ஆமா.”

“ம். நேரான பிள்ளைதான்.”

மூன்றாவது தோசை கேட்காமலே வந்தது.


பிப்ரவரி 8, சனி

பிரஸ்ஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தோல் டாக்டர். கூட்டம். எனக்கு முன்னால் பொடுகு, தேமல், கால் வெடிப்பு. டாக்டரம்மா சின்ன வயது. கழுத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வியாதி ஒண்ணும் இல்ல. முடி சுருட்டை. எதிர்ப்பக்கமா இழுத்து ஒட்டச் செரைக்கிறீங்க. வெட்டுன முடி உள்ளயே வளைஞ்சு வளருது, அதான் கட்டி. அது மேல ஸ்பிரிட்ட ஊத்துறீங்க. தோல் என்ன பண்ணும்?”

“எரிஞ்சா நல்லதுன்னு…”

“எரிஞ்சா எரியுதுன்னு அர்த்தம்.”

இருபது வருடமாக எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

சொன்னது:
பத்து நாள் பிளேடு தொடக் கூடாது.
அப்புறம் வெந்நீர்த் துணி ஒற்றி, முடி போகிற போக்கில் மட்டும்.
ஆல்கஹால் இல்லாத ஆஃப்டர் ஷேவ் பாம். வாசனை மட்டாக.
முகத்தில் போடுமுன் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கணும்.

வடிவு பற்றியும் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, “வீட்டுல ஒருத்தவுக” என்றேன். அப்படி வந்துவிட்டது வாயில். வீசிங் உள்ளவர்களுக்கு வாசனை ஆளுக்கு ஆள் மாறும், அவர்களுக்கே தெரியும், அவர்களிடமே கேளுங்கள், கொஞ்சமாக ஆரம்பியுங்கள் என்றார்.

வெளியே வந்து மெடிக்கலில், “அண்ணாச்சி, பாம் இருக்கா?”

“தலைவலி பாமா, தீவாளி பாமா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும். இந்த ஊரில் வேறெப்படிக் கேட்பது?


பிப்ரவரி 9, ஞாயிறு

வெயில் ஏறுகிறது. முகத்தில் முள்ளு முள்ளாக. அரிப்பு. சொறியாமல் இருப்பதே பெரிய வேலை.

விருதுநகர் பஜார், பெரிய ஃபேன்சி ஸ்டோர், இன்னொரு மெடிக்கல். அலமாரி அலமாரியாகப் பார்த்தேன். கடைப் பையனுக்கு நான் பாட்டில் பின்பக்கத்தைப் படிப்பது புரியவில்லை. லேபிள் அடிக்கிறவன் லேபிளைப் படிக்கமாட்டானா.

எல்லாவற்றிலும் முதலில் ஆல்கஹால். ‘கூல்’ என்று போட்டதிலும். ‘சென்சிடிவ்’ என்று முன்னால் பெரிதாகப் போட்டுப் பின்னால் பொடி எழுத்தில் ஆல்கஹால்.

தேறியவை:
அ) வெள்ளை டியூப். வாசனையே கிடையாது. கிரீம் மாதிரி.
ஆ) நீல மூடி. வெள்ளரிக்காய், கற்றாழை. பால் மாதிரி ஓடுகிறது.
இ) சின்னப் பாட்டில், சந்தனம். ஆல்கஹால் இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பின்பக்கமும் அதையே சொன்னது.
ஈ) எலுமிச்சை ஜெல்.

நான்கும் வாங்கினேன். அக்கா பார்த்துவிட்டு, “கல்யாணச் சீரா?” என்றாள்.

பச்சைப் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினேன். தெருவே மணத்ததாம். அத்தான் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. எனக்கு மூக்கு போய்விட்டது. தின்னரும் ரோலர் துடைக்கிற மண்ணெண்ணெயும் தின்றுவிட்டன. ஒரு கை போதாமல் நான் இரண்டு கை போட்டுக்கொண்டது அதனால்தான். இனி எதைப் போட்டாலும் கூடுதலா குறைச்சலா என்று எனக்குத் தெரியப் போவதில்லை.


பிப்ரவரி 11, செவ்வாய்

முழங்கைச் சோதனை. ‘ஈ’ சிவந்துவிட்டது. அரிப்பு. வெளியே. மற்ற மூன்றும் நல்ல பிள்ளைகள்.

மூக்குச் சோதனை. அக்காவைக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தேன். நான் முற்றத்தில். அவள் அடுப்படி வாசலில்.

‘இ’ தடவினேன். பயறு அளவு.

“வருதா?”

“சாமி ரூமுக்குள்ள போன மாதிரி வருது.”

கழுவிவிட்டு ‘ஆ’.

“வரல. கிட்ட வா. இன்னும் வா. நில்லு. இப்ப லேசா. வெள்ளரிப் பிஞ்ச ஒடிச்ச மாதிரி.”

‘அ’வுக்கு அவள் மூக்கு என் தோளைத் தொடுகிற தூரம் வரை வந்தாள். முகம் சுளித்தாள்.

“இதுல வாசனையே இல்ல. அதனால ஒன் வாசனை வருது. மண்ணெண்ணெய்.”

குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

“குளிச்சா போகுமா? எங்க கைலயும்தான் பட்டாசு மருந்து வாடை போகுதா?” கையை மோந்து பார்த்தாள். அப்புறம் கேட்டாள், “அந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கிடும்னு நம்ம எப்படிச் சொல்ல? அதுட்டத்தான் கேக்கணும்.”

டாக்டரம்மா சொன்னதும் அதேதான்.


பிப்ரவரி 13, வியாழன்

பிரஸ்ஸில் கட்டிங்கில் விழுகிற ஆர்ட் பேப்பர் துண்டுகள். விரல் நீளத்துக்கு மூன்று வெட்டினேன். ஓரத்தில் அ, ஆ, இ. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. தனித்தனிப் பிளாஸ்டிக் உறை. வடிவிடம் போனில் கேட்டுக்கொண்டுதான். அவரும் தன் டாக்டரிடம் கேட்டாராம். மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிக்காற்றில் நின்று பாருங்கள் என்றாராம்.

சூலக்கரை பஸ். இ-சேவை மையத்தில் வாசல் வரை ஆட்கள். சாதிச் சான்றிதழ், பட்டா, பென்ஷன். கண்ணாடிக்குப் பின்னால் வடிவு. ஒரு பெரியவரின் விரல் ரேகை விழவில்லை. “தாத்தா, வேட்டில கைய நல்லாத் தொடைங்க. இப்ப வைங்க. அவசரமே இல்ல.” நான்கு தடவை. கோபமே படவில்லை. ஐந்தாவது தடவை விழுந்ததும் பெரியவரைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

டீ குடிக்கிற நேரத்துக்கு வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்தார். நான் தள்ளியே நின்றேன். ஒரு வாரத் தாடி வேறு.

“ஏன் அம்புட்டுத் தூரத்துல நிக்கீக?”

“பிரஸ்லருந்து நேரா வாறேன்.”

“காத்து அங்கிட்டுதான் அடிக்குது. வாங்க.”

உறைகளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். அ, ஆ, இ.

“ஒண்ணாப்புப் பாடமா?” என்றார். அப்புறம், “எனக்காக யாரும் இந்த மாதிரிப் பண்ணதில்ல. எங்க போனாலும் நான்தான் எந்திரிச்சு வெளிய போவேன். கல்யாண வீடு, கோயில், பஸ்ஸு. பழகிருச்சு” என்றார்.

வாசனையே இல்லாததை வாங்கிவிடலாம், அதுதான் சரி, ஆனால் அக்கா மண்ணெண்ணெய் என்கிறாள் என்றேன். சிரித்தார்.

“வாசனையே வேணாம்னு நான் சொல்லலயே. மனுசன்னா ஒரு வாசனை இருக்கணும்லா. நமக்கு முன்னாடி வந்து நிக்காம, கூட வந்தாப் போதும்.”

முகத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு. அவரும் என்னைப் பார்த்தார். கட்டிகளையும்தான். கழுத்தில் கை போனது எனக்கு, மறைக்க.

“வலிக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.


பிப்ரவரி 15, சனி

வாட்ஸப். எழுத்து மாறாமல் இங்கே:

‘இ. மூச்சுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா பக்கத்துல பூசாரி உக்காந்த மாதிரி இருக்கு.’

‘அ. ஒண்ணும் தெரியல. பேப்பர் வாசனைதான். நல்ல பேப்பர்.’

‘ஆ. நேத்து ராத்திரி பாத்தேன், இன்னைக்குக் காலைலயும் பாத்தேன். இழுப்பு இல்ல. தண்ணி தெளிச்ச தோட்டம் மாதிரி. இது போதும்.’

கீழே இன்னொன்று, கொஞ்ச நேரம் கழித்து:

‘சாப்பிட்டீகளா?’

சாப்பிட்டேன் என்று போட்டேன். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். பொய் ஆகக் கூடாது.


பிப்ரவரி 18, செவ்வாய்

டாக்டரம்மா சொன்ன பத்து நாள் முடிந்தது. வெந்நீர். துண்டை முக்கிப் பிழிந்து முகத்தில் மூடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுகம். ஷேவிங் கிரீமை நன்றாகக் குழைத்து, முடி போகிற போக்கில், அழுத்தாமல். கழுத்தில் முடி பக்கவாட்டில் வளர்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரியும். என் கழுத்துதான்.

கழுவினேன். ஒற்றினேன். ‘ஆ’ பயறு அளவு. கையில் தேய்த்து முகத்தில் வைக்குமுன் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பழக்கம். பல்லையும் கடித்திருக்கிறேன்.

எரியவில்லை.

காத்திருந்தேன். எரியவே இல்லை. குளிர்ச்சி மட்டும். கன்னத்தில் யாரோ கையை வைத்து எடுக்காமல் இருக்கிற மாதிரி. கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் ஈரம். எரிச்சலுக்கு வருகிற தண்ணீர் இல்லை அது.

நான் பாட்டுக்கு இருபது வருடம் ஒவ்வொரு காலையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அத்தான்: “என்ன மாப்ளே, மூஞ்சி தெளிஞ்சாப்புல இருக்கு?”

பிரஸ்ஸில் மெஷின் ரிப்பேர். ஃபீடர் பெல்ட். லேபிள் லோடு ஒரு நாள் தள்ளிப் போகிறது. முதலாளி சத்தம். இன்று எதுவும் உறைக்கவில்லை.


பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் திரும்பவும் விருதுநகர். இந்தத் தடவை பேசி முடிக்க. அக்கா தேங்காய், பழம், பூ எடுத்தாள். மல்லிகை வேண்டாம் என்று அவளே கனகாம்பரம் வாங்கியிருந்தாள். எனக்கு ஷேவிங் சுத்தம். ‘ஆ’ பயறு அளவு, அதிலும் பாதியை மாடிச் சுவரில் தேய்த்துவிட்டேன். சட்டை வெயிலில் காய்ந்தது.

உட்கார்ந்தோம். அவர் அம்மா போன தடவையைவிட விறைப்பு. மகள் எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. வடிவு வந்தார். இன்று நீலம். என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேசினோம். நன்றாகத்தான் போனது. அக்கா சேலை விலை பற்றி ஏதோ சொல்ல, வடிவு சிரித்தார்.

சிரிப்பு நடுவில் நின்றது. நெஞ்சில் கை. இருமல். மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். இதுவரை நான் கேட்டதில்லை அந்தச் சத்தத்தை. அவர் அம்மா, “வடிவு! மருந்த எங்கட்டி வச்ச?” என்று உள்ளே ஓடினார்.

நான்தான். என் முகம்தான். எதுவும் யோசிக்கவில்லை, எழுந்து வெளியே ஓடினேன். நான் எவ்வளவு தூரம் போகிறேனோ அவ்வளவு நல்லது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாவின் குடத்தை நகர்த்திவிட்டு முகத்தைக் கழுவினேன். தேய்த்துத் தேய்த்து. கழுத்து, காது, சட்டையெல்லாம் நனைய. “என்னய்யா, குடத்தத் தள்ளிட்டு?” என்று அந்த அம்மா சத்தம். எனக்கு உள்ளே கேட்ட விசில் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவள் மூச்சு திரும்பினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

பின்னால் அத்தான். அவரும் இருமிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு.

“ஏ மாப்ளே, எங்க ஓடுற? பக்கத்து வீட்டுல மிளகாப் பொடிக்கு வத்தல் வறுக்காக! தெருவே இருமுது!”

அப்போதுதான் பார்த்தேன். குழாயடி அம்மாவும் இருமினார். எதிர்வீட்டுத் தாத்தா துண்டால் மூக்கை மூடியிருந்தார். இவ்வளவு நெடியில் எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா அந்த வீட்டு வாசலில் நின்று, “யம்மா, அடுப்ப அமத்துங்க! பிள்ளைக்கு மூச்சு முட்டுது!” என்று கத்திக்கொண்டிருந்தாள். நம் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

வாசலில் நின்றேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரத்தில் வடிவு தானே எழுந்து வந்தார், கையில் இன்ஹேலர், முகம் வெளிறி. மூச்சு மெதுவாக, ஆனால் வருகிறது. சத்தம் இல்லாமல் வருகிறது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சொட்டச் சொட்ட நின்றேன்.

“எதுக்கு… மூஞ்சியக் கழுவுனீக?”

“என்னாலன்னு நினைச்சேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் அம்மா பின்னாலேயே வந்து என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கொடியில் கிடந்த துண்டை உருவி என் கையில் கொடுத்தார்.

“தொடைங்க தம்பி. சளி புடிச்சிரும்.”

பிறகு தேங்காய், பழம் மாறியது. பங்குனிக்கு அப்புறம் நாள் பார்ப்பது என்று பேச்சு. நான் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு டப்பா மிளகாய்ப் பொடி கொடுத்துப் போனார். அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.


பிப்ரவரி 24, திங்கள்

பிரஸ். பெல்ட் மாற்றியாயிற்று. மெஷின் ஓடுகிறது.

மத்தியானம் வடிவு பேசினாள். அவர் போய் அவள் ஆகிவிட்டது, இந்த நோட்டில் மட்டும். மூச்சு சரியாகிவிட்டதாம். வேலைக்கும் வந்துவிட்டாளாம்.

“நேத்துக் கேக்கணும்னு நினைச்சேன். என்னால உங்களுக்குத் தினமும் இந்தப் பயம் இருக்குமே. யோசிச்சீகளா?”

யோசித்ததைச் சொன்னேன். பிரஸ்ஸிலேயே குளித்து, சட்டை மாற்றித்தான் வீட்டுக்கு வருவேன். முதலாளியிடம் பாத்ரூமுக்குக் கேட்டாயிற்று. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம், புகை இல்லாத பக்கம், புகை அடங்கின பிறகு வரலாம். அவளுடைய டாக்டரை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும், மூச்சு இழுத்தால் என்ன செய்வதென்று கற்றுக்கொள்ள. குழாயடிக்கு ஓடுவது வைத்தியம் இல்லை.

“இம்புட்டையும் நேத்து ஒரு ராத்திரிலயா யோசிச்சீக?”

“ஆறாம் தேதிலருந்து.”

பின்னால் யாரோ ‘வருமானச் சான்றிதழ்’ என்று கேட்கிற சத்தம். “இருங்க, இந்தா வாறேன்” என்று அவர்களிடம் சொன்னாள். அப்புறம் என்னிடம், “எனக்குச் சம்மதம். நேத்துப் பெரியவுக பேசுனது வேற. இது நான் சொல்லுறது” என்று வைத்துவிட்டாள்.

புஸ்வாணம் லேபிள் எல்லாம் சரியான சிவப்பு இன்று.


மார்ச் 2, ஞாயிறு

நல்ல வெயில். வடிவும் அவள் அம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணே வீடு பார்க்க வருவதா என்று தெருவில் ஒரு பேச்சு. அத்தான், “மூச்சு விடப் போறது அதுதானே, அது பாக்க வேணாமா?” என்றார். பேச்சு முடிந்தது.

அக்கா சமையலில் தாளிப்பே இல்லை. பருப்புக் குழம்பு சப்பென்று இருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டோம்.

மாடி அறையைக் காட்டினேன். நேற்றே ஒட்டடை அடித்து, பழைய காலண்டர் கட்டையெல்லாம் கீழே இறக்கியிருந்தேன். ஆனாலும் பயம். வடிவு வாசலிலேயே நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வந்தாள். சுவர், தரை, அலமாரி. கிழக்குப் பக்க ஜன்னல் பக்கம் போனாள். நான் அக்கா வீட்டு மாடிக்கு வந்த நாளிலிருந்து திறக்காத ஜன்னல்.

“இது திறக்காதா?”

“கொக்கி துருப் பிடிச்சிருக்கு. விடுங்க, நான்…”

அதற்குள் அறை வாசலில் கழற்றியிருந்த செருப்பை எடுத்து, அதன் குதிப் பக்கத்தால் கொக்கியை ஒரு தட்டுத் தட்டினாள். இன்னொன்று. திறந்துகொண்டது. வெளியே பக்கத்துக் காலிமனை, ஒரு முருங்கை மரம், அதற்கப்பால் வெறும் வானம். காற்று வந்து அறைக்குள் சுற்றியது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நானும் நின்றேன், பக்கத்தில்தான். தள்ளி இல்லை.

“கட்டில இங்கன போட்டுருவோம்” என்றாள், திரும்பாமல். “தலைமாடு ஜன்னல் பக்கம்.”

நாளைக்குக் கொக்கிக்கு எண்ணெய் விட வேண்டும். கட்டிலை நகர்த்த அத்தானைக் கூப்பிடணும்.